ஆகாயத்தில் ஒரு குவளைத் தண்ணீர்

ஊரை விட்டு வந்து தலைநகரில் குடியேறிய நம்போன்ற குடும்பங்களுக்கு ஆகாய விமானம் என்பது ஆடம்பரம் அன்று. அது ஓர் உறவுப் பாலம். தில்லியிலிருந்து சென்னைக்கு ரயிலில் சென்றால் இரண்டு இரவுகள் கழிய வேண்டும். விமானமோ இரண்டே முக்கால் மணி நேரத்தில் கொண்டு சேர்த்துவிடுகிறது. "உடனே புறப்பட்டு வா" என்று ஊரிலிருந்து தந்தி வந்து, ரயிலேறிப் போய்ச் சேர்வதற்குள் காரியமெல்லாம் முடிந்துபோன வேதனையை அனுபவித்த மூத்த அங்கத்தினர்கள் நம் சங்கத்தில் இன்றும் இருக்கிறார்கள். அந்த நிலை இப்போது மாறிவிட்டது. முதுமையடைந்த பெற்றோரை ஆண்டுக்கு ஒரு முறையேனும் அழைத்து வந்து நம்மோடு வைத்துக்கொள்ளவும் முடிகிறது. ஆகவே, விமானத்தினுள் கிடைக்கும் உபசாரத்தைப் பற்றி நாம் எழுதப் புகுந்தால், "இது என்ன, பணக்காரர் வீட்டுக் குறை!" என்று வாசக அன்பர்கள் தள்ளிவிட மாட்டார்கள் என்று நம்புகிறோம்.

சென்ற ஆண்டு நவராத்திரிக்கு நம் தாயாரைத் தில்லிக்கு அழைத்து வந்தோம். குடந்தைக்கு அருகில் ஒரு கிராமத்தில் நம் தம்பியின் குடும்பத்தோடு வசிக்கிறார். வயது 78. முழங்கால் வலியினால் நீண்ட தூரம் நடக்க இயலாது. தமிழ் தவிர வேறு பாஷை அறியார். விமானத்தில் ஏறுவது அதுவே முதல் தடவை. மீனம்பாக்கத்தில் சக்கர நாற்காலியில் அமர்த்தி அழைத்துச் சென்றபோது, "என்னை நோயாளி என்று நினைத்துவிடப் போகிறார்கள்" என்று கூச்சப்பட்டுக்கொண்டே வந்தார்.

உள்ளே நுழைந்ததும் ஓர் இளம் பணிப்பெண் தாயாரின் கையைப் பற்றி இருக்கையில் அமர்த்தினாள். நின்றபடி பேசினால் கிழவி கழுத்தை நிமிர்த்த வேண்டுமே என்று எண்ணினாள் போலும். இருக்கையின் பக்கத்தில் குந்தி அமர்ந்து, வார்ப்பட்டையை எப்படிப் பூட்டுவது, எப்படிக் கழற்றுவது என்று இரண்டு முறை செய்து காட்டினாள். விமானம் மேலெழும்போது காது அடைத்துக்கொள்ளும் என்பதையும், எச்சில் விழுங்கினால் சரியாகிவிடும் என்பதையும் சைகையாலேயே தெரிவித்தாள். நடுவழியில் கேளாமலே தண்ணீர் கொண்டு வந்தாள். கழிப்பறைக்குக் கைத்தாங்கலாக அழைத்துச் சென்று, வெளியே காத்திருந்து, திரும்ப அழைத்து வந்தாள். அவள் மணிப்பூரைச் சேர்ந்தவள் என்று இறங்கும்போது விசாரித்து அறிந்தோம்.

"அவளுக்குத் தமிழ் தெரியுமோ?" என்று தாயார் கேட்டார்.

"ஒரு வார்த்தையும் தெரியாது, அம்மா."

"அப்படியானால் நான் சொன்னதெல்லாம் அவளுக்கு எப்படிப் புரிந்தது?"

அந்தக் கேள்விக்கு நம்மிடம் விடை இல்லை. அந்த ஆண்டு நம் வீட்டுக் கொலுவுக்கு வந்த அத்தனை பெண்மணிகளுக்கும், சுண்டலோடு அந்த மணிப்பூர்ப் பெண்ணின் கதையும் கிடைத்தது.

பொங்கல் முடிந்து தாயாரை ஊருக்குக் கொண்டுவிடப் புறப்பட்டோம். அதே கம்பெனியின் விமானந்தான். தில்லியின் தை மாதத்து மூடுபனியைப் பற்றி இங்கே வசிப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. விமானம் நான்கு மணி நேரம் தாமதமாகப் புறப்பட்டது. பக்கத்துப் பக்கத்து இருக்கைகள் வேண்டுமானால் தனிக் கட்டணம் என்றார்கள். சில நூறு ரூபாயை மிச்சம் பிடிக்க எண்ணி அதை நாம் கட்டவில்லை. அதன் பயனாகத் தாயார் 4-ஆம் வரிசையிலும் நாம் 11-ஆம் வரிசையிலும் அமர்ந்தோம். இந்தக் கதையில் நம் பங்குக் குற்றம் அது, முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறோம்.

இரத்த அழுத்த மாத்திரை விழுங்கும் நேரம் வந்தது. தாயாரின் தலைக்கு மேல் அழைப்பு விளக்கு எரிவதைக் கண்டோம். பக்கத்தில் இருந்தவர் பொத்தானை அழுத்திக் கொடுத்திருக்க வேண்டும். ஒரு பணிப்பெண் வந்தாள், விளக்கை அணைத்தாள், போய்விட்டாள். சிறிது நேரத்தில் விளக்கு மீண்டும் எரிந்தது. மீண்டும் அணைந்தது. நாம் எழுந்து போகலாமென்றால், விமானம் குலுங்கியதால் வார்ப்பட்டையைக் கழற்றக் கூடாதென்ற அறிவிப்பு இருந்தது. அது நீங்கியதும் சிற்றுண்டி விற்கும் தள்ளுவண்டி வழியை அடைத்துக்கொண்டது. மூன்றாவது முறை விளக்கு எரிந்தபோது, அந்தப் பெண் குனிந்து ஏதோ இரண்டு வார்த்தை சொன்னாள். என்ன சொன்னாள் என்பது நமக்குக் கேட்கவில்லை. ஆனால் இருக்கைகளின் இடைவெளியில் ஒன்றைக் கண்டோம். வாத்தியாரிடம் திட்டு வாங்கிய பள்ளிச் சிறுமியைப் போல் தாயார் இரு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டார். விளக்கு அதன்பின் எரியவில்லை.

வண்டி நகர்ந்ததும் நாமே பின்புறம் சென்று தண்ணீர் கேட்டோம். ஒருவர் நம் முகத்தைப் பாராமலே ஊற்றிக் கொடுத்தார். மாத்திரை ஏறத்தாழ ஒரு மணி நேரம் தாமதமாக உள்ளே சென்றது. உடம்புக்கு ஒன்றும் நேரவில்லை.

ஆனால் சென்னையில் இறங்கி, தம்பியின் வரவுக்காகக் காத்திருந்தபோது தாயார் அமைதியாகக் கூறினார்: "இனிமேல் நான் வரவில்லை, அப்பா. நீங்கள் எல்லோரும் இங்கே வாருங்கள். நான் யாருக்கும் இடைஞ்சலாக இருக்க வேண்டாம்." சற்றுப் பொறுத்து, "அந்தப் பெண்ணைப் பற்றி ஒன்றும் எழுதிப் போட்டுவிடாதே. அவள் கண்ணைப் பார்த்தாயோ? தூங்கின கண்ணாக இல்லை" என்றும் சொன்னார்.

தாயின் சொல்லை நாம் கேட்கவில்லை. தில்லி திரும்பிய அன்றே புகார்க் கடிதம் எழுத உட்கார்ந்தோம். ஒரு குவளைத் தண்ணீரில் ஒரு தாயின் வருகை நின்றுபோயிற்று என்றால் எந்த மகனுக்குத்தான் கோபம் வராது? சூடாக இரண்டு பக்கம் எழுதி நம் இல்லத்தரசியிடம் படித்துக் காட்டினோம். அவர் முழுவதையும் கேட்டுவிட்டு, "நன்றாக இருக்கிறது. நவராத்திரிக்கு வரும்போது உபசரித்த பெண்ணைப் பற்றி ஏதாவது எழுதிப் போட்டீர்களா?" என்று வினவினார்.

எழுதவில்லை. எழுத வேண்டும் என்ற எண்ணமே தோன்றவில்லை. பேனாவை மூடி வைத்தோம்.

அதன்பின் இந்த விஷயத்தைச் சற்று நிதானமாக ஆராயத் தொடங்கினோம். நம் சங்கத்துக் குடும்பம் ஒன்றின் புதல்வி, வேறொரு விமானக் கம்பெனியில் மூன்று ஆண்டுகளாகப் பணிபுரிகிறாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளைக் கண்டு, நடந்ததைக் கூறி, "ஒரே கம்பெனியில் ஒருத்தி தேவதையாகவும் மற்றொருத்தி கல்லாகவும் இருப்பது எப்படியம்மா?" என்று கேட்டோம்.

அவள் சிரித்தாள். "மாமா, காலை ஆறு மணி விமானத்தில் நீங்கள் ஏறும்போது உங்களுக்குப் பொழுது அப்போதுதான் விடிகிறது. எனக்கு இரவு இரண்டு மணிக்கே விடிந்துவிடும். ஒரே நாளில் நான்கு விமானங்களில் பறக்கும் நாட்களும் உண்டு. ஒன்று இறங்கி மற்றொன்று கிளம்ப அரை மணி நேரம். அதற்குள் குப்பையை அகற்றி, எல்லாம் சரிபார்த்து, அடுத்த பிரயாணிகளை ஏற்ற வேண்டும். எங்கள் கம்பெனியில் படிப்பணம் பறக்கும் நேரத்துக்குத்தான். பனியில் நான்கு மணி நேரம் தரையில் காத்துக் கிடந்தால் அது கணக்கில் வராது. ஆனால் அந்த நான்கு மணி நேரத்துக் கோபத்தையெல்லாம் பிரயாணிகள் எங்கள் மேல்தான் காட்டுவார்கள்" என்றாள்.

இது ஒரு கம்பெனியின் குறையோ ஒரு தேசத்தின் குறையோ அன்று. 2025 ஆகஸ்டில் ஏர் கனடாவின் பணியாளர்கள் சுமார் 10,000 பேர் வேலைநிறுத்தம் செய்தார்கள். தரையில் உழைக்கும் நேரத்துக்கும் ஊதியம் வேண்டும் என்பது அவர்களுடைய முக்கியமான கோரிக்கைகளில் ஒன்று. அமெரிக்காவில் டெல்டா கம்பெனி 2022-இல்தான் பிரயாணிகளை ஏற்றும் நேரத்துக்குப் பாதி விகிதத்தில் ஊதியம் தர முன்வந்தது. பிரயாணிக்கு உதவி மிகுதியாக வேண்டியிருப்பது ஏறும் வேளையிலும் இறங்கும் வேளையிலுந்தான். ஊதியம் சுருங்கியிருப்பதும் அந்த வேளையிலேதான். வேடிக்கையாக இல்லையா?

பிறகு அந்தப் பெண்ணிடம் வேறொன்று கேட்டோம்: "பயிற்சியில் எதைச் சரியாகச் செய்யாவிட்டால் வேலை கிடைக்காது?"

"கதவைத் திறப்பது, தீயை அணைப்பது, முதலுதவி, அவசரத்தில் எல்லோரையும் வெளியேற்றுவது. இவற்றில் ஒன்று தவறினாலும் பறக்க முடியாது. தேறிய பிறகும் இந்தப் பரீட்சைகள் திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருக்கும்."

"வயதானவருக்குத் தண்ணீர் கொடுக்கத் தவறினால்?"

அவள் சற்று யோசித்தாள். "யாராவது எழுதிப் போட்டால் கூப்பிட்டுக் கேட்பார்கள், மாமா. எழுதாவிட்டால் யாருக்கும் தெரியாது. ஒவ்வொரு நாளும் கூட வேலை செய்பவர்களே வேறு வேறு பேர். அன்றைய தலைமைப் பணியாளர் எப்படியோ, அன்றைய உபசாரமும் அப்படி."

விஷயத்தின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது என்று நமக்குப் பட்டது. நாம் எந்த விமானத்தில் ஏறினாலும், வார்ப்பட்டையைப் பூட்டும் விதத்தையும் மூச்சுக் கவசத்தை அணியும் முறையையும் பணியாளர்கள் செய்து காட்டாமல் இருப்பதில்லை. தூக்கம் இல்லாதவளும் காட்டுகிறாள்; கோபமாக இருப்பவளும் காட்டுகிறாள். அதில் மட்டும் ஏன் வேற்றுமை இல்லை? அது எழுதப்பட்ட விதி; பரீட்சைக்கும் மேற்பார்வைக்கும் உட்பட்டது. பெரிய பிரயாணி விமானம் ஒன்றுக்கு அனுமதி கிடைக்க வேண்டுமானால், வாசல்களில் பாதியை மட்டும் கொண்டு அனைவரையும் 90 விநாடிகளில் வெளியேற்ற முடியும் என்று நிரூபிக்க வேண்டும். 50 இருக்கைகளுக்கு ஒரு பணியாளர் என்ற கணக்கும் பாதுகாப்பை முன்னிட்டு வந்ததே. 186 இருக்கைகள் உள்ள விமானத்துக்கு நான்கு பேர் என்பது அந்தக் கணக்குத்தான்.

அந்த விதிகளின் அருமையை உலகம் கண்டிருக்கிறது. 2024 ஜனவரி 2-ஆம் தேதி டோக்கியோவின் ஹனேடா விமான நிலையத்தில் ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானம் ஒன்று மற்றொரு விமானத்தோடு மோதித் தீப்பற்றிக்கொண்டது. உள்ளே இருந்த 379 பேரும் உயிரோடு வெளியேறினர். உள் ஒலிபெருக்கி பழுதாகிவிட்ட நிலையில், பணியாளர்கள் கையொலிபெருக்கியாலும் உரத்த குரலாலும் அத்தனை பேரையும் நடத்திச் சென்றார்கள். நம் நாட்டின் நீரஜா பனோட்டை யார் மறக்க முடியும்? 1986 செப்டம்பர் 5-ஆம் தேதி கராச்சியில் கடத்தப்பட்ட விமானத்தில் பிரயாணிகளைக் காக்க முயன்று உயிர் நீத்த அந்தப் பணிப்பெண்ணுக்கு, மறைவுக்குப் பின் அசோக சக்கரம் வழங்கப்பட்டது. இத்தகைய உத்தியோகத்தில் இருப்பவர்களைச் சிற்றுண்டி விற்பவர்களாக மட்டும் எண்ணுவது நம் பிழை.

ஆனால் உபசாரத்தின் கதை வேறு. விளம்பரத்தில் புன்னகையைக் காட்டுவது கம்பெனி. விமானத்தில் அந்தப் புன்னகையைத் தர வேண்டியவள் பணிப்பெண். அதற்குப் பாதுகாப்புக்கு உள்ளது போன்ற கண்டிப்பான அளவும் இல்லை, கண்காணிப்பும் இல்லை. எல்லாவற்றையும் அவளுடைய இயற்கைக் குணத்தின் தலையிலேயே கட்டிவிட்டார்கள். நம் அதிர்ஷ்டம் நன்றாயிருந்தால் மணிப்பூர்ப் பெண். இல்லையேல் அணைந்த விளக்கு.

1930-இல் அமெரிக்காவில் விமானப் பணியில் முதன்முதலாக அமர்ந்த பெண்மணி எல்லன் சர்ச் என்பவர். அவர் தேர்ச்சி பெற்ற செவிலி. அவரோடு சேர்க்கப்பட்ட மற்றவர்களும் செவிலிகளே. உபசாரம் என்பது அன்று அழகுக்காக ஏற்படவில்லை. அஞ்சியவருக்கும் நோயுற்றவருக்கும் துணையாக ஏற்பட்டது. பிறகுதான் இளமையும் தோற்றமும் பெரிதாயின. நம் நாட்டிலேயே, முதல் முறை கருவுற்றவுடன் பணிப்பெண் வேலையை விட வேண்டும் என்ற விதி ஏர் இந்தியாவில் இருந்தது. 1981-இல் சுப்ரீம் கோர்ட்டு தலையிட்டு அதைச் செல்லாது என்றது. அமெரிக்கச் சமூகவியல் அறிஞர் ஆர்லி ஹாக்ஷில்டு 1983-இல் விமானப் பணியாளர்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். மனத்தில் இல்லாத மகிழ்ச்சியை முகத்தில் காட்டுவதும் ஓர் உழைப்பே என்பது அவர் கண்ட உண்மை. ஆகவே புன்னகையை நாம் கேட்கவில்லை. புன்னகை அவரவர் சொத்து, வரும்போது வரட்டும். நாம் கேட்பது தண்ணீர்.

சக்கர நாற்காலியில் வருபவர், முதியவர், மொழி அறியாதவர் ஆகியோர் இன்ன இருக்கையில் இருக்கிறார் என்று பணியாளர்களுக்கு முன்கூட்டியே தெரிவித்து, நால்வரில் ஒருவரை அவருக்குப் பொறுப்பாளராக்கலாம். அழைப்பு விளக்கை அணைத்தவர் இத்தனை நிமிஷத்துக்குள் திரும்பி வர வேண்டும் என்று வரையறுக்கலாம். விற்பனை வண்டிக்கு முன்னால் மருந்துக்குத் தண்ணீர் என்று விதி செய்யலாம். இவற்றையும் பாதுகாப்பு விதிகளைப் போலவே எழுதி வைத்து, அவ்வப்போது சோதிக்கலாம். அதோடு, தரையில் உழைக்கும் நேரத்துக்கும் கூலி கொடுக்க வேண்டும். தூங்காத கண்ணிலிருந்து கனிவை எதிர்பார்ப்பது நியாயம் அன்று.

மேலிடத்தில் இருப்பவர்கள் கவனித்தால் இது ஆகாத காரியம் அல்ல. 1932 அக்டோபர் 15-ஆம் தேதி ஜே. ஆர். டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தாமே விமானம் ஓட்டி வந்தார். அங்கிருந்து தபால் நம் சென்னை வரை சென்றது. அன்று பிரயாணம் செய்தவை கடிதங்கள். கடிதங்களுக்குத் தாகம் எடுப்பதில்லை. பின்னாளில் ஏர் இந்தியாவின் தலைவராக இருந்தபோது அவர் சாதாரணப் பிரயாணியைப் போல உட்கார்ந்து, கண்ட குறைகளையெல்லாம் குறித்துக்கொண்டு வந்து அதிகாரிகளுக்கு எழுதுவார். அந்தக் கம்பெனியின் உபசாரம் அந்நாளில் உலகப் புகழ் பெற்றதற்கு அந்தக் குறிப்புகளும் ஒரு காரணம்.

நம் பக்கத்தையும் சற்றுத் திரும்பிப் பார்ப்போம். விரலைச் சொடுக்கிக் கூப்பிடுபவர் நம்மிடையே இல்லையா? ஆரஞ்சுத் தோலையும் காகிதத்தையும் இருக்கைப் பையில் திணித்துவிட்டு இறங்குபவர் இல்லையா? சக்கரம் தரையைத் தொட்டதும், உட்காரும்படி அந்தப் பெண்கள் கெஞ்சிக்கொண்டிருக்கும்போதே, எழுந்து நின்று பெட்டியை இறக்குபவர் எத்தனை பேர்! விருந்தோம்பலுக்கென்று வள்ளுவர் ஓர் அதிகாரமே வகுத்தார். விருந்தினனுக்கும் ஓர் ஒழுக்கம் உண்டு என்பதை நாமே உணர்ந்துகொள்ள வேண்டும்.

முடிவில் நாம் புகார்க் கடிதத்தைக் கிழித்துவிடவில்லை. இரண்டு பக்கத்தை அரைப் பக்கமாகச் சுருக்கினோம்; அந்தப் பெண்ணைத் தண்டிக்க வேண்டாம் என்றும், தண்ணீருக்கு ஒரு விதி செய்யுங்கள் என்றும் எழுதினோம். அதோடு, நவராத்திரிப் பயணத்தின் தேதியையும் விமான எண்ணையும் குறிப்பிட்டு, மணிப்பூர்ப் பெண்ணைப் பாராட்டி ஒரு முழுப் பக்கம் எழுதிச் சேர்த்தோம். புகாருக்கு, யந்திரம் எழுதியது போன்ற இரண்டு வரி வருத்தம் வந்தது. பாராட்டுக்குப் பதில் இல்லை. ஆனால் நம் சங்கத்துப் பெண், "பதில் வராவிட்டால் என்ன, மாமா? அப்படி ஒரு கடிதம் வந்தால் அதை அவளிடம் காட்டுவார்கள். அவள் பத்திரமாக வைத்துக்கொள்வாள்" என்றாள்.

வாசக அன்பர்கள் அடுத்த முறை பிரயாணம் செய்யும்போது, குறை கண்டால் குறையை எழுதுங்கள். நிறை கண்டால் அதை முதலில் எழுதுங்கள். முதிய பெற்றோரோடு செல்பவர்கள் நம்மைப் போல் சில நூறு ரூபாய் பார்க்காமல் பக்கத்திலேயே அமருங்கள்.

சென்ற வாரம் தொலைபேசியில் தாயாரிடம், இந்த நவராத்திரிக்காவது வரக்கூடாதா என்று மீண்டும் கேட்டோம். நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அந்த முதல் பெண் இருக்கிறாளே, அவள் எந்த விமானத்தில் வருகிறாள் என்று விசாரித்துச் சொல். அதில் வருகிறேன்" என்றார்.

விசாரித்துச் சொல்லத்தான் ஆசை. எந்த விமானத்தில் ஏறினாலும் அவளே வருவாள் என்று சொல்லும் நாள் எப்போது வரும்?